ஜோடி பிரித்த ஸ்டூல் அண்ணன்

எங்கள் கடைக்கு வந்துபோகிறவர்களுக்கு ஸ்டூல் அண்ணனின் உச்சந்தலை நன்றாகத் தெரியும், முகம்தான் தெரியாது. நாள் முழுக்கக் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து அடுத்தவர் காலையே பார்த்துக்கொண்டிருக்கிற மனிதரை மேலிருந்து பார்த்தால் வேறென்ன தெரியும்? கடைத்தெருவில் எதிரே வந்தால் யாரும் அவரை அடையாளம் கண்டுகொள்வதில்லை. அவருக்கும் யார் முகமும் நினைவில் நிற்பதில்லை. ஆனால் எதிரே வருகிறவர் காலில் பார்வை விழுந்ததும், "அட, நம்ம அகலப் பாதம் சார்!" என்று கையைப் பிடித்துக்கொள்வார். அந்த சார் திருதிருவென்று விழிப்பார். பக்கத்தில் நிற்கிற எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

நான் அந்தக் கடையில் கல்லாவில் உட்காருகிறவள். எல்லோரும் கல்லாக்கா என்றே கூப்பிடுவார்கள். ஓடுகிறவர்களுக்கான ஷூ மட்டும் விற்கிற கடை அது. ஒரு பக்கம் மருந்துக்கடை, இன்னொரு பக்கம் சாவி செய்கிறவர், நடுவில் ரயில்பெட்டி மாதிரி நீளமாக நாங்கள். சுவர் நிறைய ஷூக்கள், மூன்று நாற்காலி, ஒரு நிலைக்கண்ணாடி, கோடியில் ஓடிப் பார்க்க ஒரு ட்ரெட்மில், அதற்குப் பின்னால் திரை போட்ட சரக்கறை. வாசலை ஒட்டி என் மேஜை. முன்பக்கம் தரைவரை பலகை அடித்து மறைத்த மேஜை. ஓட்டத்தைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். யாரும் துரத்தாதபோது எதற்கு ஓட வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. காலங்காத்தாலே எழுந்து, மூச்சு வாங்க ஓடி, கிளம்பின இடத்துக்கே திரும்பி வருகிறவர்களுக்கு பில் போட்டுப் போட்டு என் வாயும் கொஞ்சம் நீண்டுவிட்டது.

ஸ்டூல் அண்ணனும் ஓட மாட்டார். முழங்கால் ஒத்துழைக்காது. ஆனால் அடுத்தவர் ஓடுவதைப் பார்க்க அவருக்கு அப்படி ஓர் ஆசை. வருகிறவர்களை உடனே உட்கார வைக்க மாட்டார். "இப்படியே ஒரு நடை நடங்க" என்பார். பிறகு பழைய ஷூவைக் கழற்றச் சொல்லி, அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று திருப்பிப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் உலோக அளவுத்தட்டில் நிற்க வைத்து இரண்டு காலையும் அளப்பார். உட்கார்ந்திருக்கிற கால் வேறு, உடம்பைச் சுமக்கிற கால் வேறு என்பது அவர் கட்சி.

"நான் எப்பவும் ஏழுதான் போடறது" என்று வருகிறவர்கள் அடம்பிடிப்பார்கள்.

"நீங்க ஏழுதான் சார். உங்க கால் எட்டு" என்பார் அண்ணன்.

ட்ரெட்மில்லில் ஏற்றிவிட்டால் இன்னொரு வேடிக்கை. யாரோ பார்க்கிறார்கள் என்றதும் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விளம்பரப் படத்தில் வருகிறவர்கள் போல ஓடுவார்கள். அண்ணன் அதைச் சட்டையே செய்ய மாட்டார். "சரி, முடிஞ்சுது. வாசல் வெளிச்சத்துல கலர் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். பரீட்சை முடிந்த நிம்மதியில் தொப்பையைத் தளரவிட்டு, காலை அகட்டிக்கொண்டு திரும்பி வருவார்களே, அப்போதுதான் அவர் கண் வேலை செய்யத் தொடங்கும். விற்று ஒரு வாரம் போனதும் வாங்கினவர்களுக்கு போன் செய்து விசாரிப்பார். ஒரு முறை வாங்கினவரின் மாமியார் போனை எடுத்துவிட்டார். இவர் எடுத்த எடுப்பில், "பெருவிரல் நகம் கறுத்திருக்கா?" என்று கேட்டிருக்கிறார். முன்பின் தெரியாத ஆள் தன் நகத்தைப் பற்றி விசாரிக்கிறானே என்று அந்த அம்மா போட்ட சத்தம் கல்லாவரை கேட்டது.

இங்கே வருவதற்கு முன் அவர் ஒரு பெரிய செருப்புக் கடையில் இருந்தார். அங்கே இல்லாத அளவே கிடையாது. கையில் என்ன இருக்கிறதோ அதுதான் வந்தவர் அளவு. சேர்ந்த அன்றே எல்லோருக்கும் ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்துவிடுவார்களாம்: "போடப் போட விட்டுக்குடுக்கும்." இவருக்கு மட்டும் அது வாயில் வரவில்லை. "வேணாம் சார், இது கடிக்கும்" என்று சொல்லி, கதவைத் திறந்துவிட்டு வழியனுப்பி வைத்தார். அதே கதவு வழியாகக் கடைக்காரர் இவரையும் அனுப்பிவைத்தார். கொஞ்ச காலம் வீட்டில் சும்மா இருந்தார். அவர் மனைவி சீருடை தைக்கிற கூடத்தில் தையல்காரர். "உண்மையைச் சொல்லி விக்கிற கடை எங்கயாவது இருந்தா போய்ச் சேருங்க. இல்லன்னா மத்தவங்க மாதிரி வாய் கூசாம பொய் சொல்லக் கத்துக்குங்க. ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க, நடுவீட்டுல உக்காந்து என் கால் விரலை எண்ணாதீங்க" என்றாராம். அப்படித்தான் எங்கள் முதலாளியிடம் வந்து சேர்ந்தார்.

இந்த வேலையில் அவர் சந்தோஷமாக இருந்தார் என்று நான் சொன்னால் நம்பலாம். காலையில் முதல் ஆளாக வந்து ஸ்டூலைத் துடைப்பார். சாயங்காலம் வீட்டுக்குப் போய், வெந்நீர் வாளிக்குள் தன் காலை விட்டுக்கொண்டு, மனைவியிடம் அன்றைய கால்களைப் பற்றிக் கதை சொல்வார். மச்சான் ஒருவர் அவரை விடாமல் சீண்டுவார். "நாள் முழுக்க ஊரான் காலைப் பிடிச்சே சம்பாதிக்கிறாரு எங்க மாமா" என்பார். அண்ணன் அசர மாட்டார். "பிடிச்சுத்தான மாப்ள சம்பாதிக்கிறேன், வாரிவிட்டா சம்பாதிக்கிறேன்?" என்று கேட்டுவிட்டு வாளியில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக்கொள்வார்.

அவருக்குக் கோபமூட்ட ஒரே ஒரு வார்த்தையால்தான் முடியும். "பழகிடுச்சு." கடிக்கிற ஷூ பழகிவிட்டது, இடித்துக் கறுத்த நகம் பழகிவிட்டது என்று யாராவது சொன்னால் அவர் காது மடல் சிவந்துவிடும். அந்த வார்த்தையால் வந்ததுதான் இவ்வளவும்.

ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிற அம்மா ஒருவர் வந்தார். அண்ணியோடு சேர்ந்து காலையில் ஓடப் போகிறாராம். அண்ணி ஏற்கெனவே ஓடி ஓடி இளைத்துவிட்டாராம், அந்தப் பெருமை தாங்க முடியவில்லையாம். சிரிக்கச் சிரிக்கப் பேசினவர், ஷூவைக் கழற்றச் சொன்னதும் பேச்சை நிறுத்திவிட்டார். வலது ஷூவுக்குள் துணி சுருட்டி வைத்திருந்தது. குழந்தையில் வந்த ஒரு காய்ச்சலில் வலது கால் சரியாக வளரவில்லை. இடது கால் ஆறு, வலது கால் நாலு.

கொஞ்சம் வித்தியாசம் என்றால் சமாளிக்கலாம். பெரிய காலுக்கு எடுத்துவிட்டு, சின்ன காலுக்கு உள்ளே ஓர் அட்டை வைத்து, லேஸை இழுத்துக் கட்டிவிடலாம். அண்ணன் அட்டைக்கு மேல் அட்டை வைத்துப் பார்த்தார், தடித்த சாக்ஸ் போட்டுப் பார்த்தார், லேஸை விதவிதமாகக் கட்டிப் பார்த்தார். என்ன செய்தும் அந்த அம்மா நடந்தால் வலது குதிகால் வெளியே வந்துவிட்டது.

"பரவாயில்லண்ணே, விடுங்க. துணியே வெச்சுக்கறேன். பழகிடுச்சு" என்றார் அந்த அம்மா.

அண்ணனின் காது மடல் சிவந்தது. பிறகு எழுந்து திரைக்குப் பின்னால் போனார். கத்தரிப்பூ நிறத்தில் ஒரே மாதிரி இரண்டு டப்பாவோடு வந்தார். ஆறாம் நம்பர் டப்பாவில் இருந்து இடது ஷூ, நாலாம் நம்பர் டப்பாவில் இருந்து வலது ஷூ. இரண்டையும் மாட்டி, லேஸ் கட்டி, "வெளிய ஓடிட்டு வாங்க" என்றார். அந்த அம்மா சாவிக்கடை தாண்டிக் கொஞ்ச தூரம் ஓடினார். திரும்பி மருந்துக்கடை வரை ஓடினார். கதவைத் திறந்துகொண்டு வந்து, "அண்ணே, ரெண்டும் என்கூடவே வருதுண்ணே!" என்று கத்தினார்.

"ஒரு டப்பாவுக்கு பில் போடுங்கம்மா" என்றார் அண்ணன் என்னிடம்.

"இன்னொண்ணு?"

"அது இருக்கட்டும்."

எங்கள் தொழிலில் ஜோடியைப் பிரிப்பது பெரிய குற்றம். விற்காத சரக்கைப் பருவம் முடிந்ததும் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆனால் ஜோடி ஜோடியாக இருந்தால்தான் எடுக்கும். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் மிஞ்சின இரண்டு ஷூக்களையும் ஒரு டப்பாவில் போட்டு மேல்தட்டில் வைத்தார். இடது நாலு, வலது ஆறு.

"இதுக்கும் ஒரு ஆள் இருப்பாங்கம்மா. வலது கால் பெரிசா, இடது கால் சின்னதா. எங்கயோ இருப்பாங்க" என்றார்.

எங்கேயோ இல்லை. ஐந்தடி தள்ளி, பலகை அடித்த மேஜைக்குப் பின்னால் இருந்தாள்.

ஆமாம், என் கால்கள் அப்படித்தான். பிறக்கும்போதே அப்படி. பள்ளிக்கூடத்தில் எனக்கு "ஒண்ணரை" என்று பெயர். ஊனம் என்று சொல்லிக்கொள்ள அது போதாது, ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. அந்த மாதிரிக் குறைதான் ஆளை அரித்துத் தின்கிறது. ஆறாம் நம்பர் வாங்கி இடதுக்குள் பஞ்சு அடைத்துக்கொள்வேன். கால்சட்டை தரையைப் பெருக்கும் நீளத்தில் போடுவேன். அம்மாவையும் கணவரையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. உட்கார்ந்தே பார்க்கிற வேலை, காலை மறைக்கிற மேஜை என்று பார்த்துத்தான் இந்தக் கடையில் சேர்ந்தேன். நாள் முழுக்கக் காலையே பார்க்கிற மனிதர் எதிரே உட்கார்ந்திருப்பார் என்பதை நான் யோசிக்கவில்லை. அதனால் அவர் கடைக்குள் நுழைவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடுவேன். அவர் சரக்கறைக்குள் போகும் நேரம் பார்த்து எழுந்துபோவேன். காலையில் முதல் ஆள் அவர் என்று சொன்னேனே, அது எனக்கு அடுத்தபடியாக.

முதலாளிக்கு விஷயம் தெரிய வெகுநாள் ஆகவில்லை. மேல்தட்டில் தூசி தட்டப்போய் அந்த டப்பாவைத் திறந்துவிட்டார். நல்ல மனிதர். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துவார். அதுதான் பயமாக இருக்கும்.

"அண்ணே, இது என்ன?" என்றார் தாழ்ந்த குரலில்.

அண்ணன் சொன்னார்.

"உங்க மனசு நல்ல மனசுதான். ஆனா நான் கடை நடத்தறேனே. இன்னைக்கு ஒண்ணைப் பிரிச்சா நாளைக்கு நாலைப் பிரிப்பீங்க. மாசக் கடைசில கம்பெனி ஆள் வர்றதுக்குள்ள இது போயிடணும். போகலைன்னா நீங்க கிடங்குக்குப் போயிடுங்க. அங்க டப்பாவைப் பாத்துக்குங்க. காலைப் பாத்தாத்தான உங்களுக்கு மனசு இளகுது."

கிடங்கு ஊருக்கு வெளியே இருந்தது. ஒரு நாள் மத்தியானம் அண்ணன் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா காத்தோட்டமாத்தான் இருக்கு. கூரை வரைக்கும் டப்பா. ஒண்ணுக்குக்கூட விரல் இல்ல" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்கப்புறம் அவர் ஆள் தேடத் தொடங்கினார். பஸ் நிறுத்தத்தில் நின்று போகிற வருகிற பெண்களின் காலைப் பார்த்ததில், ஒரு கணவர் சட்டையைப் பிடிக்க வந்துவிட்டார். கடைக்கு வருகிற பெண்களிடம் எல்லாம், "உங்க சொந்தத்துல யாருக்காவது வலது கால் பெரிசா இருக்குமா?" என்று விசாரித்தார். ஒரு நாள் வலது கால் பெரிய ஒருவர் வந்தார். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர் ஆறடி உயர ஆண். அவர் சின்ன காலே பத்து. மனம் விடாமல் அண்ணன், "உங்க வீட்டுல அக்கா, தங்கச்சி?" என்று கேட்டதும் அவர் கிளம்பிப் போய்விட்டார்.

நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். எழுந்து மூன்று நாற்காலியில் ஒன்றில் போய் உட்கார்ந்தால் முடிந்தது. அவர் ஸ்டூல் அவருக்கே இருக்கும். ஆனால் கால் எழவில்லை. எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலை வருகிறவர்கள்மேல் காட்டினேன். பை கேட்ட ஒருவரிடம், "ஏன், போட்டுக்கிட்டே ஓட மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் எலெக்ட்ரீஷியன், எதையும் சுற்றி வளைக்க மாட்டார். காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு ஏன் இவ்வளவு மண்டைக் குடைச்சல்? அவர் இல்லாதப்ப நீயே பில் போட்டு நீயே வாங்கிடு. டப்பாவும் போயிடும், காலும் வெளிய தெரியாது."

எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். அன்றே அண்ணன் சாப்பிடப் போன நேரத்தில் அந்த டப்பாவை இறக்கி, என் காசைப் போட்டு, பில் அடித்து, டப்பாவை என் காலடியில் ஒளித்து வைத்தேன். மனசு லேசாகிவிட்டது. பாட்டுகூட வந்தது.

அண்ணன் திரும்பி வந்தார். கை துடைத்துக்கொண்டே மேல்தட்டைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"எங்கம்மா அது?"

"வித்தாச்சு."

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் நிம்மதியாகப் பார்க்கக்கூட இல்லை. அதற்குள் கேள்விகள் வந்துவிட்டன.

"யாரு வந்தது?"

"ஒரு அம்மா."

"எப்படி நடந்தாங்க?"

"கால்லதான்."

"அளந்தீங்களா?"

"நான் எங்கண்ணே அளக்கறது? எனக்கு பில் போடத்தான் தெரியும்."

"போட்டுப் பாத்தாங்களா? விரலுக்கு முன்னால இடம் இருந்துச்சா? குதிகால் வழுக்குச்சா?"

"சரியாத்தான் இருக்கும்னு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"நம்பர் குடுங்க, போன் பண்றேன்."

"நம்பர் குடுக்கலை."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். சந்தோஷம் எல்லாம் வடிந்துவிட்டது. "அளக்காம வித்தது வித்ததே இல்லம்மா" என்றார். "அது திரும்பி வரும். சாயங்காலம் முதலாளி வந்ததும் சொல்லிடறேன், அதைப் போனதா வெச்சுக்காதீங்கன்னு."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "உங்களுக்கு என்ன பைத்தியமா? அவர் உங்களைக் கிடங்குக்கு அனுப்பறதுக்குக் காரணம் தேடிட்டு இருக்காரு. போச்சுடா சாமின்னு வாயை மூடிட்டு உக்காருங்களேன்!"

"நான் கிடங்குக்குப் போனா போறேன். அந்த அம்மா கால் என்னம்மா ஆகும்? வாழ்நாள் பூரா யாரும் அளந்திருக்க மாட்டாங்க. முத முதலா ஒரு கடைக்கு வந்திருக்காங்க. நான் சோறு தின்னப் போயிட்டேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. என் காலுக்காக ஒரு மனிதர் என் முன்னாலேயே உட்கார்ந்து வருத்தப்படுகிறார். அது என் கால் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு வெட்கமாக இருந்தது. கால் அப்படி இருப்பதற்காக இல்லை. அதைவிட மோசமான வெட்கம்.

எழுந்து போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். மேஜைக்கு அடியில் இருந்து டப்பாவை எடுத்தேன். நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"அந்த அம்மா நான்தாண்ணே."

ஷூவின் லேஸை அவிழ்க்கக் குனிந்தேன். அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவிழ்த்தார். இடது ஷூவைக் கழற்றினதும் பஞ்சு வெளியே விழுந்தது. தகடு மாதிரி நசுங்கி, அழுக்கேறின பஞ்சு. அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். முதன்முறையாகத் தலையைத் தூக்கி என் முகத்தையும் பார்த்தார்.

"ஊர்ல போறவங்க வர்றவங்க காலையெல்லாம் பாத்தேனே" என்றார். "அடி வாங்கப் பாத்தேனே. பக்கத்துலயே இருந்திருக்கீங்களே."

"தெரியக் கூடாதுன்னுதான அந்த மேஜைக்குப் பின்னாடியே உக்காந்திருந்தேன்."

இவர் ஏதாவது ஆறுதல் சொல்லப்போகிறார், அதைக் கேட்டால் நான் உடைந்துவிடுவேன் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் பஞ்சைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, "எழுந்து நில்லுங்க" என்றார். அவ்வளவுதான்.

அளவுத்தட்டு சில்லென்று இருந்தது. இடது கால் வைத்தேன். "நாலு" என்றார். வலது கால் வைத்தேன். நகர்த்துகிற கட்டையைப் பெருவிரல் வரை கொண்டுவந்தார், குனிந்தார், மறுபடி நகர்த்தினார்.

"ஆறரை."

"இல்லண்ணே, ஆறு. என் கால் எனக்குத் தெரியாதா?"

"கடைசியா எப்ப அளந்தீங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாடி."

"அதுக்கப்புறம் கால் மட்டும் வளராம உங்களுக்காகக் காத்துட்டு இருக்குமா?" சுண்டுவிரலில் காய்த்துப்போன இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இதுக்குப் பேர் என்ன? நெருக்கி நெருக்கி வெச்சிருக்கீங்க. சின்ன காலை மறைக்கறதுலயே இருந்துட்டு பெரிய காலைக் கொன்னுட்டீங்களேம்மா."

கத்தரிப்பூ ஷூவைப் போட்டுப் பார்த்தோம். இடது அப்படியே உட்கார்ந்தது. வலது விரலை இடித்தது. இத்தனை தைரியத்தையும் திரட்டி வந்து உட்கார்ந்தேன், அதுவும் உதவாமல் போய்விட்டதே என்று எனக்கு அழுகை முட்டியது.

"அப்ப இது எனக்கும் ஆகாதா?"

"ஆகாது" என்றார். எழுந்து திரைக்குப் பின்னால் போனார். அதே நிறத்தில் ஆறரை நம்பர் டப்பாவோடு வந்து, அதில் இருந்து வலது ஷூவை எடுத்தார்.

"அண்ணே! ஒண்ணைப் பிரிச்சதுக்கே கிடங்கு. இன்னொண்ணா?"

"காலை நீட்டுங்க."

அவர் லேஸ் கட்டிக்கொண்டிருக்கும்போது யாரோ கதவுக் கண்ணாடியைத் தட்டினார்கள். முதலாளி. சாயங்காலம் வர வேண்டியவர் முன்னதாகவே வந்துவிட்டார். அண்ணன்தான் போய்த் திறந்தார். முதலாளி உள்ளே வந்து, தரையில் வாய் பிளந்து கிடந்த இரண்டு டப்பாவையும் பார்த்தார்.

"மறுபடியுமா?" என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

அண்ணன் மிஞ்சின இரண்டு ஷூவையும் அவர் கையில் கொடுத்தார். "நம்பரைப் பாருங்க சார். இடது ஆறரை, வலது ஆறு. அரை சைஸ்தான் வித்தியாசம். இப்படிக் கால் உள்ளவங்க நம்ம கடைக்கு வந்துக்கிட்டேதான் இருக்காங்க. ரெண்டு காலும் ஒரே அளவுன்னு நாமதான் அவங்களுக்குச் சொல்லி விக்கிறோம். முன்ன மிஞ்சினது யாருக்கும் ஆகாது. இது பாதிப் பேருக்கு ஆகும்."

முதலாளி இரண்டு ஷூவையும் அடியோடு அடி சேர்த்துப் பார்த்தார். பிறகுதான் நாற்காலியில் இருப்பது யார் என்று கவனித்தார். அவர் பார்வை என் காலுக்கு இறங்கியது. உள்ளே இழுத்துக்கொள்ளத் தோன்றியது. இழுத்துக்கொள்ளவில்லை.

"உங்களுக்கா கல்லாக்கா?"

"எனக்குத்தான் சார்."

அவர் கையில் இருந்த இடது ஷூவை மறுபடி திருப்பிப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எங்க வீட்டுலயும் இடது விரல் இடிக்குது இடிக்குதுன்னுதான் சொல்லிட்டு இருக்கா. நான்தான் நீ சரியா ஓடலைன்னு திட்டிட்டு இருந்தேன்" என்றார். "நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன். இதை வெச்சிருங்க அண்ணே."

"கிடங்குக்கு எப்ப சார் போகணும்?" என்று கேட்டார் அண்ணன். இந்த மனிதருக்கு வாயை மூடவே தெரியாது.

"கிடங்குல ஆள் இருக்கு. நீங்க போயிட்டா எங்க வீட்டுக்காரிக்கு யார் அளக்கறது, நானா?" என்று சொல்லிவிட்டு முதலாளி சரக்கறைக்குள் போனார்.

அண்ணன் கடைசி முடிச்சைப் போட்டார். இடது குதிகாலை ஒரு முறை அழுத்திப் பார்த்தார், வலது விரலுக்கு முன்னால் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். "போங்க" என்றார்.

எழுந்தேன். இடது கால் விரல்கள் ஷூவைப் பிடித்துக்கொள்ளத் தானாக மடங்கின. பிடித்துக்கொள்ள ஒன்றும் தேவைப்படவில்லை. என் மேஜையைத் தாண்டினேன். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். சாவிக்கடைக்காரர், "என்னக்கா, எங்க கிளம்பிட்டீங்க?" என்றார். எங்கேயும் இல்லை என்று கையைக் காட்டிவிட்டு நடந்தேன். தெருக்கோடி வரை போனேன். யாரும் துரத்தவில்லை. ஆனால் திரும்பி வரும்போது நடை கொஞ்சம் வேகமாகத்தான் இருந்தது. ஓட்டம் என்று சொல்ல மாட்டேன். கடைக்குள் வந்தபோது முகமெல்லாம் கண்ணீர். துடைத்துக்கொள்ளக்கூட மறந்திருந்தேன்.

அண்ணன் பதறி எழுந்தார். "என்னம்மா, வலிக்குதா? எந்த இடத்துல வலிக்குது?"

"எங்கயும் வலிக்கலண்ணே."

"அப்புறம் ஏன் அழறீங்க?"

"எங்கயும் வலிக்கலையேண்ணே, அதான்."